சங்க அலுவலக மாடியில் இலக்கியமும் சினிமாவும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

கோவில்பட்டி – தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சிறுகதையாளர்

எங்கள் ஊரின் இலக்கியப் பெருமையை எழுதுகிறவர்கள் கரிசல் மண்ணிலும் பக்கத்துக் கிராமமான இடைசெவலிலும் தொடங்குவது வழக்கம். அதில் தவறில்லை. கு. அழகிரிசாமி (1970), கி. ராஜநாராயணன் (1991), பூமணி (2014), சோ. தர்மன் (2019) என்று ஒரே வட்டாரத்துக்காரர்கள் நால்வர் சாகித்ய அகாதெமி விருது பெற்றிருக்கும்போது மண்ணைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் அந்த மண்ணில் எழுதத் தொடங்கிய என்னைப் போன்ற சிறிய எழுத்தாளர்கள் எங்கே உட்கார்ந்து பேசினோம், மின்கட்டணத்தை யார் கட்டினார்கள் என்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கவிஞர் தேவதச்சனின் நகைக்கடை எழுத்தாளர்கள் கூடும் இடமாக இருந்தது பலரும் அறிந்த செய்தி. நான் சொல்ல வருவது அவ்வளவு புகழ் பெறாத ஓரிடம்: எங்கள் தொழிற்சங்க அலுவலகத்தின் மாடி.

வெளியூர் அழைப்புகளை இணைத்துத் தரும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராக இருந்தேன். இரவுப் பணி வரும் நாளில் இலக்கியக் கூட்டம் இருந்தால் தோழர்கள் யாராவது டியூட்டியை மாற்றிக்கொள்வார்கள். அவர்களில் சிலர் என் கதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. சங்கத்துக்காரன் கேட்கிறான் என்பதே அவர்களுக்குப் போதுமான காரணமாக இருந்தது. கூட்டத்தின் அழைப்பிதழ் சங்கத்தின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில்தான் உருண்டது. 1975இல் மதுரையில் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தொடங்கப்பட்ட பிறகு சிறிய ஊர்களில் கிளைகள் பரவிய விதத்தை நினைத்துப் பார்க்கிறவர்கள், அந்தக் கிளைகளில் எத்தனை பேர் அஞ்சல், தொலைபேசி, வங்கி, இன்சூரன்ஸ் ஊழியர்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மாதச் சம்பளமும் தொழிற்சங்கமும் கைவசம் இருந்ததால்தான் அவர்களால் கூட்டம் நடத்த முடிந்தது.

அந்த மாடியில் திரைப்படமும் காட்டினோம். பூனாவில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், தூதரகங்களின் பண்பாட்டு மையங்கள் போன்றவற்றிடமிருந்து 16 மில்லிமீட்டர் பிரதிகளைப் பெற்று ஊர் ஊராகச் சுற்றுக்கு விடும் வழக்கம் திரைப்படச் சங்கங்களுக்கு இருந்தது. எங்கள் வட்டாரச் சுற்றில் வரும் பெட்டி திருநெல்வேலியில் இறங்கிவிட்டதா என்பதை அங்குள்ள ஆபரேட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் எங்களுக்கு இருந்த வசதி வேறு எந்த ஊர்ச் சங்கத்துக்கும் இருந்திராது. 1600 அடிச் சுருள் ஒன்று ஓடி முடிய ஏறத்தாழ 44 நிமிடம் ஆகும். எங்களிடம் இருந்தது ஒரே புரொஜெக்டர். ஆகவே ஒவ்வொரு சுருளுக்கும் நடுவே விளக்கைப் போட வேண்டும். அந்த இடைவெளியில் மூத்த எழுத்தாளர் ஒருவர் எழுந்து, இதுவரை பார்த்ததில் கதை எங்கே திரும்பியது என்று கேட்பார். படம் முழுவதும் முடிந்த பிறகு நடந்த எந்த விவாதமும் அந்தச் சில நிமிடப் பேச்சுக்கு ஈடாகவில்லை. முடிவு தெரியாதவர்கள் பேசுவதால் யாரும் மேதாவித்தனம் காட்ட வழியில்லை.

என் கதையை முதன்முதலாக வாசித்ததும் அங்கேதான். எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் விதி. இலக்கிய விமர்சகர் ஒருவர் வடிவம் பற்றி நெடுநேரம் பேசினார். பின்னர் பஞ்சாலைத் தோழர் ஒருவர், "அந்தப் பிள்ளைக்குத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்க ஒரு மரச்சட்டத்துக்கு எவ்வளவு கூலி?" என்று மட்டும் கேட்டு உட்கார்ந்துவிட்டார். விமர்சகர் சொன்னது எனக்கு இப்போது ஒன்றும் நினைவில்லை. கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்த பூமணி, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகளைப் பற்றிக் ‘கருவேலம்பூக்கள்’ எடுத்தபோது, வேலை, இலக்கியம், சினிமா என்ற மூன்று உலகங்களும் ஒரே ஆளுக்குள் சேர்ந்திருக்க முடியும் என்று நாங்கள் மேடைதோறும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சென்னை, சாலிகிராமம் – திரைக்கதை விவாதங்களில் பங்கேற்கும் எழுத்தாளர்

அண்ணாச்சி சொல்லும் மாடி எனக்குக் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வடபழனியில் வாடகைக்கு எடுத்த அறையும், அங்கே நாள் முழுவதும் நடக்கும் டிஸ்கஷனும்தான். இலக்கியக் கூட்டத்தில் பணம் கிடையாது; ஆனால் யார் எதைச் சொன்னார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கதை விவாதத்தில் சாப்பாடும் பேட்டாவும் உண்டு. ஆனால் மாலையில் அறையை விட்டு வெளியேறும்போது எந்தக் காட்சி யாருடையது என்பது யாருக்கும் தெரியாது, அல்லது தெரியாததைப்போல இருந்துவிடுவார்கள். ஒரு படத்தில் நான் சொன்ன இடைவேளைத் திருப்பத்தை அப்படியே வைத்திருந்தார்கள். டைட்டில் கார்டில் நன்றி என்ற தலைப்பின் கீழ்கூட என் பெயர் இல்லை. படத்தையும் ஆட்களையும் இங்கே குறிப்பிட விரும்பவில்லை.

அதன் பிறகுதான் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகிக் கதையைப் பதிவு செய்யும் பழக்கம் வந்தது. அதனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று புதியவர்கள் நம்ப வேண்டாம். இந்தத் தேதியில் இந்தப் பக்கங்கள் உங்களிடம் இருந்தன என்பதற்குப் பதிவு ஒரு சான்று, அவ்வளவே. கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அது எழுதப்பட்ட விதத்துக்கே உண்டு என்று ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இலேயே சொல்லிவிட்டது. ஆகவே கதைச்சுருக்கமான ஒன்லைனை வாயால் சொல்லிவிட்டு வருகிறவருக்குச் சட்டம் பெரிதாக உதவாது. காட்சிகளாக விரித்து எழுதியவருக்குத்தான் பிடிமானம் உண்டு. காப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் படத்தில் இடம்பெறும் எழுத்துக்கும் இசைக்கும் உரிய ராயல்டியில் படைப்பாளியின் பங்கை உறுதிப்படுத்தியது. பாடலாசிரியர்கள் அதைப் பற்றி ஓரளவு பேசுகிறார்கள், திரைக்கதை எழுதுகிறவர்கள் பேசுவதே இல்லை. பக்கத்து அறையில் வேலை பார்க்கிறவரைப் போட்டியாளராக மட்டுமே பார்க்கும் தொழிலில் இது எதிர்பார்க்கக் கூடியதுதான்.

மதுரை – வங்கி ஊழியர், மொழிபெயர்ப்பாளர்

இருவரின் பகிர்வையும் மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் அந்த மாடியிலும் அறையிலும் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. நான் பார்த்தவரை இலக்கியக் கூட்டம் மாலை ஆறு மணி என்று அறிவிக்கப்பட்டு ஏழுக்குத் தொடங்கும். ஒன்பது மணிக்கு நான் பேருந்தைப் பிடிக்க ஓடுவேன். அதற்குப் பிறகு தேநீர்க் கடையிலும் விடுதி அறையிலும்தான் உண்மையான கூட்டம் நடக்கும்: அடுத்த இதழுக்கு யாருடைய கதை, அடுத்த கருத்தரங்குக்கு யாரை அழைப்பது என்பதெல்லாம் அங்கே முடிவாகும். அந்த முடிவுகளை மறுவாரம் நான் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, ஒன்றில்கூடக் கலந்துகொண்டதில்லை. எங்களை யாரும் தடுக்கவில்லை என்று சொல்வார்கள். தடுக்க வேண்டிய தேவையே எழாதபடி நேரத்தை வைத்திருந்தார்கள் என்பதே என் கருத்து.

நான் செய்தது எளிய காரியம். வங்கி ஊழியர் சங்கத்தின் மகளிர் குழு வழியாக அலுவலக அறையை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கேட்டு வாங்கினேன். காலை பத்து மணிக்குப் படம், பிறகு பேச்சு, ஒரு மணிக்குப் பூட்டிவிட வேண்டும். குழந்தைகளை அழைத்து வரலாம் என்று அறிவிப்பில் சேர்த்தவுடன், இதுவரை எந்தக் கூட்டத்திலும் கண்டிராத பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் காசாளர். தாம் எழுதிய கவிதைகளைப் பழைய லெட்ஜர் ஒன்றின் பின்பக்கங்களில் வைத்திருந்தார். லா.ச.ரா. வங்கியில் வேலை பார்த்தவர், வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்தவர் என்று எங்கள் துறை ஆண்கள் பெருமை பேசுவதுண்டு. அந்தக் காசாளரின் பெயர் அந்தப் பட்டியலில் எப்போது சேரும் என்று நான் அவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கோவில்பட்டி – சிறுகதையாளரின் மறுமொழி

சகோதரியின் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். எங்கள் எக்ஸ்சேஞ்சில் பெண் ஆபரேட்டர்கள் நிறைய இருந்தார்கள். சங்கச் சந்தாவும் இலக்கியக் கூட்ட நன்கொடையும் தவறாமல் தந்தார்கள். மாடிக்கு மட்டும் வரவில்லை. இரவு பத்து மணிக்கு முடியும் நிகழ்ச்சிக்கு அவர்கள் எப்படி வந்திருக்க முடியும் என்று அப்போது எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. இப்போது புதிய பிள்ளைகள் நடத்தும் திரையிடலை ஞாயிறு காலைக்கு மாற்றச் சொல்லிப் பேசியிருக்கிறேன். அரங்கு தருவதற்குத் தொழிற்சங்கமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தக் காசாளர் கவிதை வாசிக்க முன்வந்தால் போக்குவரத்துச் செலவை நாங்கள் தருவோம். சாலிகிராமத்துத் தம்பியும் தம் திரைக்கதைப் பக்கங்களை எடுத்து வரலாம்; எழுத்தாளர் சங்கத்தின் முத்திரை விழுந்த பிறகு வந்தால் அவருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.