பெரிய வீட்டுக் குழு: மூழ்கிய மணி

மீனா: சரவணன் அண்ணா, திஞ்சான் புத்தாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகள் எல்லோரும் ரங்கூனுக்கு, அப்பாயி வீட்டுக்கு வருகிறார்கள். நீங்கள் மண்டலையில் நண்பர்களோடு ஆடுவீர்களே, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதை நான் இவர்களுக்கு நடத்தலாம் என்று இருக்கிறேன். கதையை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தம்மசேதி ராஜாவின் பெரிய மணிதான் கதை.

மல்லிகா சித்தி: பகடை உருட்டுகிற ஆட்டம்தானே? காசு வைத்தா ஆடுவீர்கள்?

சரவணன்: காசே கிடையாது சித்தி. ஜெயித்தவர், தோற்றவர் என்றும் யாரும் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். "கதவைத் தட்டுகிறேன்", "கூரை மேல் ஏறுகிறேன்" என்று அவரவர் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும்தான் பகடை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு பேர் கொண்டுவந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க ஆடுகிறார்கள்.

மல்லிகா சித்தி: அப்படியென்றால் சரி. போனை விட்டு எழுந்து உட்கார்ந்து பேசினால் எனக்கு அதுவே போதும்.

சரவணன்: மீனா, கதை நல்ல தேர்வு. சிரியம் துறைமுகத்தைப் பிடித்து வைத்திருந்த போர்த்துக்கீசியன் டி பிரிட்டோ, 1608இல் அந்த மணியை ஷ்வேடகோன் புத்த கோயிலிலிருந்து இறக்கிக் கொண்டுபோகிறான். உருக்கிப் பீரங்கி செய்ய வேண்டும் என்பது அவன் எண்ணம். பெகு ஆறும் ரங்கூன் ஆறும் சேரும் இடத்தில் மணி மூழ்கிவிட்டது. இன்றுவரை யாரும் எடுக்கவில்லை. பன்சோடன் துறையில் படகேறி டலாவுக்குப் போன பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நீ விளக்கவே வேண்டாம். நோட்டில் என்ன எழுதியிருக்கிறாய்?

மீனா: மணி மூழ்கிய மறு வருஷம் கதை தொடங்குகிறது. துறைமுகத்தில் ஒரு கிழவரைச் சந்திப்பார்கள், அவர் வரைபடம் கொடுப்பார். அதை வைத்துப் படகில் போவார்கள். வழியில் கொள்ளைக்காரர்கள். அவர்களைத் தோற்கடித்த பிறகு ஆற்றைக் காக்கும் நாகத்திடம்...

சரவணன்: அங்கேயே நிறுத்தம்மா. சந்திப்பார்கள், போவார்கள், தோற்கடிப்பார்கள் என்று பிள்ளைகள் செய்யப்போவதை எல்லாம் நீயே எழுதிவிட்டாய். அவர்கள் கிழவரைப் பார்க்காமல் நேராகப் படகுக்காரனிடம் போய்விட்டால் என்ன செய்வாய்? கொள்ளைக்காரர்களோடு சேர்ந்துகொண்டால்? குமார் கட்டாயம் சேர்வான். நீ அவர்களை இழுத்துப் பிடித்து உன் பாதைக்குக் கொண்டுவருவாய். அரை மணி நேரத்தில் அவர்களுக்கு அது தெரிந்துவிடும். அப்புறம் நீ சொல்லுகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மீனா: அப்படியென்றால் ஒன்றும் எழுதாமல் போகவா?

சரவணன்: எழுத வேண்டும். மற்றவர்கள் என்ன செய்யப் பார்க்கிறார்கள் என்று எழுது. மூன்று பேர் போதும். டி பிரிட்டோவின் தளபதி: மணியைத் தூக்கி உருக்க வேண்டும், சங்கிலியும் ஆட்களும் சேர்க்கிறான். ஷ்வேடகோன் காவலாளி: மணி திரும்ப வேண்டும், ஆனால் கையில் படகு இல்லை. மீன்காரப் பாட்டி: இடம் தெரியும், யாரும் தொடக்கூடாது என்று நினைக்கிறாள். பிள்ளைகள் நடுவில் வராவிட்டால் இந்த மூன்று பேரும் என்ன செய்து முடிப்பார்கள் என்பதையும் ஒரு வரி எழுதிக்கொள். பிள்ளைகள் எந்தப் பக்கம் போனாலும் எதிரில் யாராவது ஒருவர் ஒரு வேலையோடு நிற்பார். நீ நடத்துகிற ஆட்டம் முழுக்க இதில் இருக்கிறது. மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

சரவணன்: இன்னொன்று. காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு ஆறு பாகமாகப் பிரித்துக்கொள். அது தளபதியின் வேலை. பிள்ளைகள் நேரம் கடத்தினாலோ, பெரிய காரியம் ஒன்று தவறினாலோ ஒரு பாகத்தை நிரப்பு. ஆறு பாகமும் நிரம்பினால் மணி தண்ணீருக்கு மேலே வந்துவிடும். வட்டத்தை எல்லோரும் பார்க்கிற மாதிரி நடுவில் வை. "சீக்கிரம் முடிவெடுங்கள்" என்று நீ வாயால் சொல்ல வேண்டியிருக்காது.

குமார்: நான் தளபதியோடு சேரலாமா?

சரவணன்: சேரலாம்டா. நீ சேர்ந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் அன்றைய கதை. ஆனால் முதல் நாளே எல்லோருமாகப் பேசிக்கொள்ளுங்கள், ஒருவர் மற்றவர் முதுகில் குத்தலாமா கூடாதா என்று. ஆட்டத்துக்கு முன்னால் இப்படிப் பேசுவதற்கு செஷன் ஸீரோ என்று பேர். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கூடாது என்று வைப்பது நல்லது.

மீனா: கிழவர் வரைபடத்தை எடுத்துவிட்டால், மணி எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

சரவணன்: ஜஸ்டின் அலெக்ஸாண்டர் என்ற ஆட்டம் எழுதுகிறவர் சொன்ன மூன்று துப்பு விதி இருக்கிறது. பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வர வேண்டுமென்றால் குறைந்தது மூன்று துப்பு வைக்க வேண்டும். ஒன்றைப் பார்க்காமல் போவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். உனக்கு: ஒரே இடத்தில் எல்லா மீனவர்களின் வலையும் கிழிகிறது. தளபதி வாங்கிய சங்கிலியின் நீளம் அந்த இடத்தின் ஆழத்துக்குச் சரியாக இருக்கிறது. பாட்டி பேரனைத் தூங்கவைக்கும் பாட்டில் இரண்டு ஆறும் கட்டிப்பிடிக்கிற இடம் வருகிறது. மூன்றையும் மூன்று பேரிடம் வை.

மீனா: பாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. அதை நானே கட்டிவிடுகிறேன். அண்ணா, இந்த ஆட்டத்துக்கு வேண்டிய 20 முகப் பகடைக்கு என்ன செய்வது? இங்கே கடைகளில் தேடினேன், கிடைக்கவில்லை. வீட்டில் சாதாரணப் பகடை மூன்று இருக்கிறது.

சரவணன்: என்னுடையதை அனுப்பினால் விடுமுறைக்குள் வந்து சேராது. மூன்று சாதாரணப் பகடையை உருட்டிக் கூட்டி அதையே 20 முகப் பகடையாக வைத்துக்கொள்ளாதே. 20 முகத்தில் 15 அல்லது அதற்கு மேல் விழ 30 சதவீத வாய்ப்பு. மூன்று பகடையின் கூட்டுத்தொகையில் அதே 15 அல்லது அதற்கு மேல் வருவது 216இல் 20, அதாவது 10 சதவீதம்கூட இல்லை. நடு எண்களே திரும்பத் திரும்ப வரும். கடினமான காரியம் எதுவும் நடக்காது, பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள்.

சரவணன்: அட்டையை ஒரே அளவில் வெட்டி 1 முதல் 20 வரை எழுதி, சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்ததை உடனே திரும்பப் போட வேண்டும், அது முக்கியம். வெளியே வைத்தால் அடுத்தவருக்கு வாய்ப்பு மாறிவிடும். நெட் இருந்தால் கூகுளில் ரோல் டைஸ் என்று தேடினாலே 20 முகம்வரை எல்லாப் பகடையும் வரும். ஆனால் மாலையில் உங்கள் பக்கம் கரண்டை நம்ப முடியாது. டம்ளர்தான் நல்லது.

செல்வம்: அண்ணா, நான் மோல்மேனில் இருக்கிறேன், இந்த முறை வர முடியாது. நானும் ஆடலாமா?

மீனா: தாராளமாக ஆடலாம் செல்வம்! எப்படி அண்ணா?

சரவணன்: ரோல்20, அவுல்பேர் ரோடியோ என்று தளங்கள் இருக்கின்றன. பிரவுசரிலேயே வரைபடம் போட்டுப் பொம்மைகளை நகர்த்தலாம். நெட் நன்றாக இருக்கும் இடத்தில் அருமையாக இருக்கும். நீங்கள் இருக்கிற நிலைமைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒரு போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வையுங்கள், வரைபடத்தைப் படம் பிடித்து இந்தக் குழுவில் போடுங்கள். செல்வம் அங்கே தன் டம்ளரில் எடுத்ததைச் சொல்லட்டும், நாம் நம்புவோம். லைன் போனால் அவன் பாத்திரம் படகைப் பார்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

மீனா: விதிகள் இருக்கும் புத்தகம் வாங்க வேண்டுமா?

சரவணன்: வேண்டாம். 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். இலவசம். கரண்ட் இருக்கும்போது இறக்கி, வேண்டிய பக்கங்களை மட்டும் அச்சடித்துக்கொள். பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டாம். சிலருக்குப் பர்மிய எழுத்து ஓடுகிற அளவுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. அதனால் ஆளுக்கு ஓர் அட்டையில் படம் வரைந்து கொடு: கை என்றால் பலம், கண் என்றால் கவனம், வாய் என்றால் பேச்சு. பக்கத்தில் கூட்ட வேண்டிய எண். 3 என்று போட்டிருந்தால், எடுத்த எண்ணோடு 3 சேர்த்து 10 வந்தால் எளிய காரியம் நடக்கும், 15 வந்தால் நடுத்தரம். எளியதற்கு 70 சதவீதம், நடுத்தரத்துக்கு 45. பிள்ளைகளுக்கு இது சரியான அளவு.

சரவணன்: தவறினால் கதை நின்றுபோகும் இடத்தில், நடக்குமா நடக்காதா என்று மட்டும் பகடை கேட்காதே. பூட்டைத் திறந்தால்தான் அடுத்தது என்றால் பூட்டு திறக்கட்டும். எண் குறைந்தால் சத்தம் கேட்டுக் காவலன் வருகிறான், அவ்வளவுதான்.

மல்லிகா சித்தி: ஒன்று சொல்ல வேண்டும். மீனா, ஆற்றில் ஆள் மூழ்குகிற மாதிரி எதையும் என் அத்தை, உன் அப்பாயி காதில் விழ வைக்காதே. நர்கிஸ் புயலில் அத்தையின் தம்பி குடும்பம் போகலேயில் இருந்தது உனக்குத் தெரியும். 2008 மே மாதத்திலிருந்து அத்தை அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார். பிள்ளைகள் கூடத்தில் ஆடினால் அத்தையும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

மீனா: இது எனக்குத் தோன்றவே இல்லை சித்தி. கதையையே மாற்றிவிடவா?

சரவணன்: மாற்ற வேண்டியதில்லை. சித்தி இப்போதே சொன்னது பெரிய உதவி, ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரிடமும் கேட்டு வாங்க வேண்டிய விஷயமே இதுதான். லைன்ஸ் அண்ட் வெய்ல்ஸ் என்று ஆட்டம் நடத்துகிறவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கோடு போட்டது கதையில் வரவே வராது. திரை போட்டது நடக்கலாம், ஆனால் விவரிக்க மாட்டோம். நீ கோடு போடு: இந்த ஆற்றில் யாரும் மூழ்கிச் சாவதில்லை, வெள்ளமும் புயலும் இல்லை. தண்ணீரில் விழுந்தவரை நாகம் கரையில் கொண்டுவந்து விடும், ஆனால் பதிலுக்கு ஒரு பொருளைக் கேட்கும். பார், கதை இன்னும் நன்றாகிவிட்டது.

சரவணன்: நடுவில் எக்ஸ் போட்ட ஓர் அட்டையும் வை. ஜான் ஸ்டவ்ரோபுலோஸ் என்பவர் கொண்டுவந்த முறை. யாருக்கு எது பிடிக்கவில்லையோ அட்டையைத் தொட்டால் போதும், ஏன் என்று கேட்காமல் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். அப்பாயிக்கும் அதைச் சொல்லி வை. அவரும் தொடலாம்.

மல்லிகா சித்தி: நானே அத்தையிடம் சொல்கிறேன். சரவணா, எங்கள் பவி வாயே திறக்க மாட்டாளே, அவள் இதில் என்ன செய்வாள்?

சரவணன்: பவியிடம் "என்ன செய்கிறாய்?" என்று மொட்டையாகக் கேட்டால் தோளைக் குலுக்குவாள். "பவி, கிழிந்த வலையை நீதான் முதலில் பார்க்கிறாய். கையில் எடுக்கிறாயா, பாட்டியைக் கூப்பிடுகிறாயா?" என்று கேள் மீனா. இரண்டில் ஒன்று என்றால் சொல்லிவிடுவாள். அவள் சொன்னதை வைத்து உடனே ஏதாவது நடக்க வேண்டும், சும்மா தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடாதே. குமாருக்கு வரைபடம் வரைகிற வேலையைக் கொடு. எல்லோருக்கும் சேர்த்து அவனே பேசுவது தானாகக் குறையும்.

மீனா: சண்டை வந்தால்?

சரவணன்: யார் முதலில் என்பதற்குப் பேர் எழுதிய துணி கிளிப்புகளை நோட்டு விளிம்பில் வரிசையாக மாட்டு. அடி விழுமா என்பதையும் அடி எவ்வளவு பலம் என்பதையும் ஒரே நேரத்தில் எடுக்கச் சொல். எதிரிகளின் அடி எவ்வளவு பலம் என்று நீ உருட்டாதே, ஓர் அடிக்கு 3 என்று வைத்துக்கொள். பாதிப் பேர் விழுந்தால் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள். மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதே.

மீனா: சரி அண்ணா. நோட்டைப் புதிதாகத் தொடங்குகிறேன். தளபதி, காவலாளி, பாட்டி, நாகம், வட்டம், மூன்று துப்பு. ஒரு பக்கத்துக்குள் வந்துவிடும் போலிருக்கிறது.

சரவணன்: மறு பக்கத்தில் பேர்ப் பட்டியல் ஒன்று எழுதிக்கொள். பிள்ளைகள் வழியில் போகிற படகுக்காரனைக்கூட நிறுத்திப் பேர் கேட்பார்கள். நீ யோசித்து இழுத்தால் அவன் சும்மா வந்தவன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

மல்லிகா சித்தி: எழுதிக்கொள் மீனா. கோ டுன், ஊ சோ, டா மியா, மா ஹ்லா. போர்த்துக்கீசியருக்கு அந்தோணியும் மரியாவும். துறைமுகம் என்றால் நம் ஆள் இல்லாமலா, மாரிமுத்து என்று ஒருவரைப் போடு. இன்னும் வேண்டுமா?

மீனா: வேண்டும் சித்தி, சொல்லுங்கள். பாட்டிக்கு டா மியா என்று வைத்துவிட்டேன்.