சிறு குழந்தைகளுக்கு மனநலம் பற்றிய படக்கதை: எதைச் சொல்லலாம், எதை விடலாம்?

திருமங்கலம் ஆசிரியை:

வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஓவியத் தோழி ஒருவருடன் சேர்ந்து, மனநலம் பற்றிய படக்கதைப் புத்தகம் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனபின், பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கிறதென்று அழும் சிறுமியின் கதை அது. இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டோரத்தில் வைப்பாளே தவிர, வாயில் வைக்கமாட்டாள். அப்பத்தா மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிறார். மருத்துவர் வயிற்றில் கோளாறு இல்லை என்கிறார். கடைசியில் ஆசிரியையிடம் மனம்விட்டுப் பேசியதும் வலி போய்விடுகிறது.

மனச்சோர்வு, பதற்றநோய் போன்ற பெயர்களைக் கதையில் சொல்லலாமா? சுற்றிப் போடுவதை மூடநம்பிக்கை என்று காட்ட வேண்டுமா? எத்தனை பக்கம் வைப்பது?

மனநல ஆலோசகர், மதுரை:

வயிற்றுவலியில் தொடங்கியிருப்பது மிகச் சரி. இந்த வயதில் பயமும் கவலையும் பெரும்பாலும் வயிற்றுவலி, தலைவலி, தூக்கமின்மை என்று உடம்பின் வழியாகவே வெளிப்படும். அந்த வலி உண்மையான வலி. 'நடிக்கிறாள்' என்று யாரேனும் சொல்வதாகக் காட்டினால், அடுத்த பக்கத்திலேயே இன்னொரு பெரியவர் அதை மறுத்தாக வேண்டும். முதலில் மருத்துவரிடம் காட்டும் பக்கத்தையும் எடுத்துவிடாதீர்கள். நோய்ப் பெயர்கள் இப்போது வேண்டாம். பயம், கவலை, கோபம், ஏக்கம் ஆகியவற்றைத் தன்னிடம் அடையாளம் காணக் குழந்தைக்குத் தெரிந்தால் போதும்.

முடிவுதான் எனக்கு உறுத்துகிறது. பேசிய அன்றே வலி பறந்துவிடுவதாகக் காட்டினால், பேசியும் வலி தீராத குழந்தை தன்மேல்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்ளும். அடுத்த திங்கட்கிழமையும் அவளுக்குக் கொஞ்சம் வலிக்கட்டும். ஆனால் இம்முறை யாரிடம் போய்ச் சொல்வதென்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். ஆசிரியை கேட்கும் படத்தில், அவர் நாற்காலியை விட்டிறங்கிச் சிறுமியின் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். 'அழாதே' என்று அவர் சொல்லவே கூடாது. இன்னொன்று: அப்பா ஊரைவிட்டுப் போனதற்குத் தானே காரணம் என்று குழந்தைகள் உள்ளுக்குள் முடிவுகட்டிக்கொள்வதுண்டு. அப்படி இல்லை என்பதை யாராவது ஒருவர் வாய்திறந்து சொல்லிவிட வேண்டும்.

உசிலம்பட்டி வாசகர்:

அதைச் சொல்ல வேண்டியவர் அப்பத்தாதான் என்பது என் கருத்து. சுற்றிப் போடுவதால் வலி தீர்ந்ததாகக் காட்ட வேண்டாம். அதற்காக அவரை ஏளனமும் செய்ய வேண்டாம். புத்தகம் வீட்டுக்குப் போனால் அதை மடியில் வைத்துப் பார்க்கப் போகிறவர் அவர்தான். பல வீடுகளில் அவருக்கு எழுத்தும் தெரியாது. ஆகவே வரிகளை மூடி வைத்துவிட்டுப் படங்களை மட்டும் பார்த்தாலும் கதை புரிய வேண்டும்.

தோழியிடம் ஒரு செய்தி: பயத்தைக் கரிய பூதமாக வரைய வேண்டாம். நம் ஊர் எல்லையில் அரிவாளோடு நின்று காவல் காக்கிறவரே கருப்பசாமிதான். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கருத்த நிறத்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

சிவகாசி அச்சுப்பணியாளர்:

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருந்தே தீர வேண்டும். எட்டின் மடங்கென்றால் காகிதம் வீணாகாது. உங்கள் கதைக்கு 24 பக்கம் தாராளம். பக்கத்துக்கு இரண்டு வரி போதும். எழுத்தைப் படத்தின்மேல் ஏற்றாமல் வெள்ளை இடத்தில் பெரிதாக அமையுங்கள். அச்சுக்கு அனுப்புமுன் ஒரு மாதிரிப் படியைத் தைத்து வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். 'பிடித்ததா?' என்று டீச்சர் கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். எந்தப் பக்கத்தில் அவர்களாகப் பேச ஆரம்பிக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

திருமங்கலம் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. முடிவை மாற்றுகிறோம், அப்பாவைப் பற்றிய வரியை அப்பத்தாவிடமே கொடுத்துவிடுகிறோம். பின்னட்டையில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும், பெற்றோருக்காக 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும் அச்சிட எண்ணியுள்ளோம். ஆலோசகர் அவர்களுக்கு நேரமிருந்தால், வரைவு முடிந்ததும் அனுப்பி வைக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் மனநலத் துறையினர் ஒருவர் பார்த்துவிடுவது நல்லதென்று நினைக்கிறேன்.

மனநல ஆலோசகர், மதுரை:

அனுப்புங்கள், பார்க்கிறேன். ஆசிரியைக்கும் அப்பத்தாவுக்கும் என்ன வசனம் எழுதியிருக்கிறீர்கள் என்பதை முதலில் அனுப்பினால் நல்லது. படம் வரைந்தபின் மாற்றுவது தோழிக்கு வீண் வேலை.