கருவில் முகம் உருவாவதைக் களிமண்ணில் காட்ட யோசனை தேவை

வணக்கம். பல் மருத்துவம் படிக்கிறேன். பிளவு உதட்டோடு பிறந்த குழந்தைகளின் அம்மாக்களுக்கு விளக்க ஒரு மாதிரி செய்கிறேன். "முழுகாம இருக்கறப்ப கிரகணத்துல வெளிய வந்துட்டேன், அதான் இப்படி" என்று ஓர் அம்மா அழுதது மனதை விட்டுப் போகவே இல்லை.

4-ஆம் வாரக் கடைசியில் 5 மேடுகள்: நெற்றிப் பக்கம் 1, மேல்தாடைக்கு 2, கீழ்த்தாடைக்கு 2. 6, 7-ஆம் வாரங்களில் மேலுதடு ஒட்டுகிறது. இதுவரை நன்றாகவே வந்துவிட்டது.

சிக்கல் அண்ணத்தில், அதாவது வாயின் மேற்கூரையில்தான். அதன் இரு தகடுகளும் முதலில் நாக்கின் இருபுறமும் செங்குத்தாகத் தொங்கும். 8-ஆம் வாரவாக்கில் நாக்கு தாழ, அவை மேலெழுந்து படுக்கைவாட்டில் திரும்பி நடுவில் சேரும். இந்த அசைவைக் காட்ட மடக்கினால் அடியில் விரிசல் விடுகிறது. 3 முறை உடைந்துவிட்டது. மெழுகு தாங்குமா? துணி வைத்துத் தைக்கலாமா?

இன்னொன்று, கருவின் கீழ்த்தாடைப் பகுதியில் கம்பிபோல் இருக்கும் மெக்கல் குருத்தெலும்பே கீழ்த்தாடையாக மாறுவதாக என் ஜூனியர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் தாடை எலும்பு அதன் வெளிப்பக்கத்தில் தனியாக உருவாகிறது. குருத்தெலும்பில் பெரும்பகுதி மறைந்துவிடும், பின்முனை காதுக்குள் சிற்றெலும்பாகும். இரண்டு நிறம் கொடுத்தால் போதுமா?

செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து படம் போடுங்கள்.