எண்ணெய் வைத்தும் முடி காய்கிறதே!

மீனா: யாராவது ஒரு வழி சொல்லுங்கள். குளிர் ஆரம்பித்ததிலிருந்து முடி நார் நாராக நிற்கிறது. ராத்திரி எண்ணெய் வைத்துக் காலையில் அலசுகிறேன், மத்தியானத்துக்குள் மறுபடி அதே கதி. சீப்பு பாதியிலேயே மாட்டிக்கொள்கிறது.

மீனா: (படம்)

வசந்தி சித்தி: நுனி முழுக்கப் பிளந்திருக்கிறதே மீனா. எண்ணெயை எங்கே வைக்கிறாய்?

மீனா: உச்சந்தலையில்தான் சித்தி. நன்றாக ஊறட்டும் என்று.

பெரியம்மா: தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணித் தினமும் தேய் கண்ணு. சீயக்காய் போட்டு அலசு. நாங்கள் வேறு எதையும் தொட்டதில்லை, எங்கள் முடிக்கு என்ன கெட்டுப்போனது?

சேகர் மாமா: (பலமுறை பகிரப்பட்டது) குளிர்காலத்திலும் பட்டுப்போன்ற கூந்தல்!! எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா இரண்டையும் குழைத்துத் தலையில் அரை மணி நேரம் ஊறவைக்கவும். ஒரே வாரத்தில் அதிசயம்! அனைவருக்கும் பகிரவும்.

திவ்யா அண்ணி: மாமா, அதை மட்டும் யாரும் செய்துவிட வேண்டாம்! எலுமிச்சைச் சாற்றின் பி.எச். (அமில-கார அளவு, 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) 2க்குப் பக்கத்தில் இருக்கும், சோடா 8க்கு மேலே. தலைத்தோல் சுமார் 5.5. இரண்டையும் கலந்தால் நுரை பொங்கி அடங்கும், அவ்வளவுதான் அதிசயம். கலவையில் எது மிஞ்சுகிறதோ அது தலையைப் பதம் பார்க்கும். ஏற்கெனவே காய்ந்த முடிக்குச் சோடா பரம விரோதி.

சேகர் மாமா: எனக்கு வந்தது, அனுப்பினேன்.

வசந்தி சித்தி: உனக்கு வந்ததெல்லாம் எங்களுக்கும் வர வேண்டும் என்று சட்டமா சேகர்?

திவ்யா அண்ணி: மீனா, பார்லரில் இந்தப் பருவம் முழுக்க இதே புகார்தான். எண்ணெய் வைத்தேன், ஆனாலும் காய்கிறது என்பார்கள். எண்ணெயில் ஈரம் கிடையாது. இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ஈரமே இல்லாத நுனியில் எவ்வளவு வழித்துவிட்டாலும் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

மீனா: அப்போ ஈரம் எங்கே போகிறது அண்ணி?

திவ்யா அண்ணி: காற்றுக்கு. குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு. அறையில் ஹீட்டர் போட்டால் அந்தக் காற்று சூடாகி இன்னும் வறண்டுபோகும். முடியின் மேல்தோல் ஓடு வேய்ந்த கூரை மாதிரி, செதில் மேல் செதிலாகப் படிந்திருக்கும். அது தேய்ந்து தூக்கிக்கொண்டால் உள்ளே இருக்கும் ஈரம் சுலபமாக வெளியேறிவிடும். ஒரு முடியின் செதில் இன்னொன்றோடு உரசிச் சிக்கும் விழும். உன் சீப்பு மாட்டுவது அதனால்தான்.

திவ்யா அண்ணி: இன்னொன்று. முடி மாதத்துக்கு ஒரு செ.மீ. சொச்சம்தான் வளரும். உன் முடி இடுப்புவரை இருக்கிறது, அப்படியானால் அந்த நுனி முளைத்து நாலைந்து வருடமாவது ஆகியிருக்கும். இத்தனை வருட வெயில், சீப்பு, ஷாம்பு எல்லாம் பட்டது அதுதான். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் அவ்வளவு தூரம் போய்ச் சேராது. நீயோ ஏற்கெனவே எண்ணெய் சுரக்கிற இடத்திலேயே மேலும் வைக்கிறாய், நுனியைப் பட்டினி போடுகிறாய்.

பெரியம்மா: அப்படியென்றால் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்கிறாயா திவ்யா?

திவ்யா அண்ணி: ஐயோ, இல்லை அத்தை! அதுதான் முதல் தேர்வே. தேங்காய் எண்ணெயில் இருக்கும் லாரிக் அமிலம் முடிக்கு உள்ளேயே இறங்கும். 2003இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அலசுவதற்கு முன்னால் வைத்தாலும் பலன் உண்டு, அலசிய பிறகு வைத்தாலும் உண்டு. நான் சொல்வது தினமும் உச்சந்தலையில் கொட்டாதீர்கள் என்றுதான்.

பெரியம்மா: அப்படிச் சொல்லு. நான் பயந்தே போனேன்.

மீனா: என் பாட்டிலில் எண்ணெய் கல்லாக உறைந்து கிடக்கிறது. அடுப்பில் வைத்துவிட்டேன்.

திவ்யா அண்ணி: 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத்தான் செய்யும், கெட்டுப்போகவில்லை. நேராக அடுப்பில் வைக்காதே. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிப் பாட்டிலை அதில் நிறுத்து. அவசரமென்றால் கொஞ்சம் வழித்து உள்ளங்கையில் தேய், உருகிவிடும்.

வசந்தி சித்தி: எண்ணெய்க் கதை போதும். செம்பருத்தி இலையை யாரும் சொல்லவில்லையே. ஒரு கைப்பிடி இலையைக் கழுவி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கையால் கசக்கிக்கொண்டே இரு. முதலில் வெறும் பச்சைத் தண்ணீராக இருக்கும். விடாமல் கசக்கினால் கெட்டியாகி, கையைத் தூக்கும்போது விரலிலிருந்து நூல்போல் வழியும். அந்தப் பதத்தில் மெல்லிய துணியில் பிழிந்து எடு. அலசிய ஈர முடியில் நடுவிலிருந்து நுனிவரை தடவிப் பத்து நிமிடம் விட்டுத் தண்ணீர் ஊற்று. சீப்பு வழுக்கிக்கொண்டு போகும்.

மீனா: வெந்தயம் அரைத்துப் போட்டுப் பார்த்தேன் சித்தி. துகளெல்லாம் முடியில் ஒட்டிக்கொண்டது, பொறுக்கி எடுப்பதற்குள் பாதி முடி கையோடு வந்துவிட்டது.

வசந்தி சித்தி: அரைக்கவே கூடாது. ராத்திரி ஊறவைத்து, மறுநாள் அந்தத் தண்ணீரோடு லேசாகக் கொதிக்கவிட்டு வடிகட்டு. வழவழப்பு தண்ணீரில் இறங்கிவிடும், விதை வேண்டாம். ஆளி விதையிலும் இதே மாதிரி எடுக்கலாம்.

திவ்யா அண்ணி: சித்தி சொல்வது சரியான முறை. இந்த வழவழப்பு முடியின் மேல் மெல்லிசாகப் படிந்து உரசலைக் குறைக்கும். அது கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே நாலைந்து சொட்டு எண்ணெயை நுனியில் தொட்டுவிடு. முதலில் தண்ணீர், அதன் மேல் எண்ணெய். இந்த வரிசை மாறினால்தான் பிரச்சினை.

அருண்: அண்ணி, முட்டை? நண்பன் ஒருவன் சத்தியம் பண்ணுகிறான்.

திவ்யா அண்ணி: முட்டைப் புரதம் முடிக்குள் நுழைகிற அளவில் இல்லை அருண், மேலே பூச்சாகத்தான் நிற்கும். அதுவும் வெந்நீரில் அலசினால் தலையிலேயே வெந்துவிடும். அதை எடுக்க ஆள் வைக்க வேண்டும்.

அருண்: எனக்கு வேறு பிரச்சினை. நாள் பூராவும் கம்பளித் தொப்பிதான். கழற்றினால் தோளெல்லாம் வெள்ளையாகக் கொட்டுகிறது. நானும் எண்ணெய் வைக்கட்டுமா?

திவ்யா அண்ணி: முதலில் இதைச் சொல். பொடிப்பொடியாகக் காய்ந்து உதிர்கிறதா, இல்லை பிசுக்கோடு மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வருகிறதா?

அருண்: இரண்டாவது. அரிப்பும் உண்டு.

திவ்யா அண்ணி: அப்போ எண்ணெயை நிறுத்து. அது பொடுகு மாதிரி இருக்கிறது. தலைத்தோலில் வாழும் மலசேசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. மருந்துக் கடையில் பூஞ்சையை அடக்கும் கீட்டோகொனசோல் ஷாம்பு கேட்டு வாங்கு. தேய்த்த உடனே அலசிவிடாமல் 3 முதல் 5 நிமிடம் தலையில் விடு. சில வாரத்தில் குறையவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் போ. தொப்பியை அடிக்கடி துவை. உள்ளே ஒரு சாட்டின் துணி வைத்துத் தைத்துக்கொண்டால் கம்பளி முடியை அராவாது. மீனா, உனக்கும்தான். தலையணை உறையைக்கூடச் சாட்டினுக்கு மாற்றிப் பார்.

பெரியம்மா: ஈரத்தலையோடு தொப்பி போடாதே அருண், சளி பிடிக்கும்.

அருண்: சளி வைரஸால் வருவது பெரியம்மா.

பெரியம்மா: வைரஸ் வரட்டும், நீ தலையைத் துவட்டு.

திவ்யா அண்ணி: அத்தை ஜெயித்தார்கள்! ஈர முடி ஊதி, இழுத்தால் நீளும், சட்டென்று அறுந்தும் போகும். துண்டால் பரபரவென்று தேய்க்காமல் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடு. சிக்கை அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே வா. ஹேர் டிரையர் வேண்டுமென்றால் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இரு. குளியல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இருக்கிற எண்ணெய்ப் பசையும் போய்விடும்.

மீனா: குளிரில் வெதுவெதுப்பு! சரி, உடம்புக்குச் சூடு, தலைக்கு மட்டும் தனி வாளி.

வசந்தி சித்தி: முடி கொட்டுகிறதா மீனா, அதைச் சொல்லவே இல்லையே.

மீனா: கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நாளாக ஒரே அசதி வேறு.

திவ்யா அண்ணி: ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அசதியும் சேர்ந்திருந்தால் இலையும் விதையும் போதாது. மருத்துவரிடம் சொல்லி இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்துவிடு. இரண்டில் எது குறைந்தாலும் முடியில் தெரியும்.

சேகர் மாமா: முடிக்குப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை நல்லது என்கிறார்களே?

திவ்யா அண்ணி: பயோட்டின் குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் பெரிய பலன் எதுவும் நிரூபணமாகவில்லை மாமா. அதைச் சாப்பிட்டுக்கொண்டே இரத்தப் பரிசோதனைக்குப் போனால் தைராய்டு அளவு தப்பாகக் காட்டலாம். மீனா, ஏதாவது சாப்பிடுகிறாயா?

மீனா: தலைமுடி, நகத்துக்கு என்று ஒரு மாத்திரை போடுகிறேன். அட்டையைப் பார்த்தேன், பயோட்டின்தான் போட்டிருக்கிறது.

திவ்யா அண்ணி: அதை மருத்துவரிடம் சொல்லிவிடு, பரிசோதனைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அவரே சொல்வார். அப்புறம் ஒரு கசப்பான விஷயம். பிளந்த நுனியை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. ஓர் அங்குலம் வெட்டித்தான் ஆக வேண்டும்.

மீனா: அண்ணி!!

பெரியம்மா: ஓர் அங்குலம்தானே. அளவுகோலை வைத்து வெட்டச் சொல்லு, கூட வெட்டினால் என்னிடம் வா.

மீனா: சரி, ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிட்டுச் செம்பருத்தி போடுகிறேன். மொட்டை மாடித் தொட்டியில் இருக்கிறது, ஆனால் இலையில் வெள்ளையாகப் பூச்சி.

வசந்தி சித்தி: பூச்சி விழுந்ததைத் தொடாதே, கொழுந்துக்குக் கீழே சுத்தமான இலையாகப் பார்த்துப் பறி. பிழிந்ததை முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பார். அரிப்பு, தடிப்பு இல்லை என்றால் தலைக்குப் போடு. மிச்சத்தை எடுத்து வைக்காதே, மறுநாளே நாறும்.