கையால் சாயம் போட்ட லினன்: கிராஸ் ஸ்டிட்ச்சுக்கு எங்கே, எப்படி வாங்கினீங்க?

தெம்பனிஸ்வாசி:
சிங்கப்பூர் அராப் ஸ்ட்ரீட்ல ஒரு துணிக்கடை. மாதுளைத்தோல் நிறத்தில அழகான லினன், மீட்டர் விலையும் குறைவு. "கிராஸ் ஸ்டிட்ச் போட ஆகுமா?"ன்னு கேட்டேன். "லினன்னா எல்லாம் ஒண்ணுதான்க்கா"ன்னார். கைப்பையில எப்பவும் ஒரு ஸ்கேல் இருக்கும். எடுத்து வச்சு ஒரு இன்ச்சுக்கு எத்தனை இழைன்னு எண்ணினேன். நீளவாக்கில 30, குறுக்குவாக்கில 25! சட்டைக்கு அது போதும். நாம இழையை எண்ணி எண்ணி பெருக்கல்குறி மாதிரி தைக்கிறவங்க, நமக்கு வட்டமா வரவேண்டிய நிலா கோழிமுட்டையா வரும். ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை வர்ற மாதிரி நெய்ததுதான் வேணும். ஸ்வைகார்ட் கம்பெனியோட கேஷல் 28, பெல்ஃபாஸ்ட் 32 லினன் எல்லாம் அப்படித்தான்; அந்த எண் இன்ச்சுக்கு எத்தனை இழைங்கிறது, அதைத்தான் கவுண்ட்னு சொல்றோம். கையால் சாயம் போடுறவங்க நிறைய பேர் அந்தத் துணிகளைத்தான் வாங்கிச் சாயம் ஏத்துறாங்க. கடைக்காரருக்குக் கொஞ்சம் கோபம். பாவம், அவர் பொய் சொல்லலை.

ஈசூன் அக்கா:
நான் வாங்கினது கேரோசல் ஆப்ல, ஆளுக்கு ஆள் பொருள் விற்கிற இடம். இன்னொரு தையல்காரம்மா மிச்சம் வச்சிருந்த 32 கவுண்ட், "புயல் மேகம்" நிறம்னு போட்டிருந்தாங்க. எம்ஆர்டி ரயில் நிலைய கேட் பக்கத்தில சந்திச்சோம். அங்கே விளக்குல பார்த்தா வெறும் சாம்பல்! "வெளியே வாங்க, வெயில்ல பாருங்க"ன்னு அந்தம்மாவே கூட்டிட்டுப் போனாங்க. பஸ் ஸ்டாப்ல விரிச்சதும் சாம்பலுக்குள்ள ஊதா திட்டுத்திட்டா தெரிஞ்சது. என்கிட்ட மயில் டிசைனுக்கான டிஎம்சி கம்பெனி எம்பிராய்டரி நூல் இருந்துச்சு. கழுத்து நீலத்தை அதுமேல வச்சுப் பார்த்தோம். ஊதா இருண்ட இடத்தில நூல் காணாமலே போச்சு, வெளுத்த மூலையில பளிச்னு நின்னுச்சு. மயிலை அந்த மூலைக்கு நகர்த்திக்கலாம்னு அங்கேயே முடிவு. நிறத்தை நம்பி வாங்குற பொருளை இப்படித்தான் வாங்கணும், போன் திரையை நம்பி இல்ல.

புக்கிட் பாத்தோக்:
அக்கா சொல்றது சரிதான், ஆனா எல்லாருக்கும் அந்த வாய்ப்பு இல்லையே. நான் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கிறவள். ஆர்டர் கொடுத்த பிறகே சாயம் போடுறவங்க உண்டு, அதனால காத்திருக்கணும். ஒருத்தர்கிட்ட ஒரே பெயர்ல மறுபடி வாங்கினேன், ரெண்டாவது துண்டு ரொம்ப வெளிறி வந்துச்சு. கேட்டா "ஒவ்வொரு சாயத்தொட்டியும் வேற"ன்னு பதில். அது உண்மைதான், ஆனா விற்கும்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வேலைக்கு வேண்டியதை ஒரே துண்டா வாங்கிடுங்க. பணக்கணக்கும் பாருங்க: 2023லிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும், பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்கள் பொருள் சேவை வரி வாங்குறாங்க. 2024லிருந்து அது 9 விழுக்காடு. தபால் செலவு தனி.

ஈசூன் அக்கா:
சாயம் கசியுதான்னும் பாரும்மா. ஈரமான வெள்ளைப் பருத்தித்துணியை ஓரத்தில அழுத்தினா தெரிஞ்சிடும். சிவப்பும் கருநீலமும் ரொம்பப் படுத்தும்.

புதுசா வந்தவள்:
அக்காமார்களே, என் டிசைன் 140க்கு 112 தையல். ஃபேட் குவார்ட்டர்னு விக்கிற துண்டு போதுமா?

தெம்பனிஸ்வாசி:
28 கவுண்ட்ல ரெண்டு இழை தாண்டித் தைச்சா இன்ச்சுக்கு 14 தையல். 10க்கு 8 இன்ச் ஆச்சு. நாலு பக்கமும் மூணு இன்ச் விட்டா 16க்கு 14. ஃபேட் குவார்ட்டர் 18க்கு 27 இன்ச், தாராளமா போதும். மிச்சத்தை வெட்டி எறிஞ்சிடாதம்மா, புக்மார்க் தைக்கலாம்.