வாய் சும்மா இருக்க, முழங்கை வாசிக்குது!

அயர்லாந்துக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம், ஜூலை மாசம் கிளேர் கவுண்டியில் மில்டவுன் மால்பேங்கிற சின்ன ஊருக்குப் போயிருந்தேன். இல்லின் பைப்ங்கிற ஐரிஷ் வாத்தியத்தில் வித்வானான வில்லி கிளான்சி 1973-ல் காலமானார். அந்த வருஷத்திலிருந்தே அவர் பேரில் அங்கே கோடைப் பள்ளி நடக்குது. பகலில் வகுப்பு, ராத்திரி பப்புக்குப் பப்பு வாசிப்பு. கச்சேரின்னு சொல்ல மாட்டேன். மேடை இல்லை, மைக் இல்லை. மேஜையைச் சுத்தி உட்கார்ந்து அவங்களுக்காக வாசிச்சுக்குவாங்க. நாம ஓரமா நின்னு கேட்டுக்கலாம்.

இல்லின் பைப்பை அங்கேதான் கிட்டத்தில் பார்த்தேன். ஐரிஷில் 'இல்லின்'ங்கிற சொல்லுக்கு முழங்கைன்னு அர்த்தம். ஸ்காட்லாந்து பேக்பைப் மாதிரி வாயால் ஊதறதில்லை. ஒரு முழங்கைக்கு அடியில் குட்டித் துருத்தி, இன்னொரு அக்குளில் பை. வாசிச்ச பெரியவர் நடுநடுவே பக்கத்து ஆளோட பேசிக்கிட்டே இருந்தார்! மூணு ட்ரோன் குழல், நம்ம ஒத்து மாதிரி விடாம ஒரே ஸ்வரத்தில் இழையும். விரல் வச்சு மெட்டு வாசிக்கிற குழலோட நுனியைத் தொடையில் போட்ட தோல்துண்டு மேல அழுத்தி மூடினா ஸ்வரம் வெட்டி வெட்டி விழும். ரீடில் மூச்சு ஈரமே படாது. நாதஸ்வரக்காரர் சீவாளியை எச்சிலில் பதப்படுத்துறதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது தலைகீழ்.

உற்சாகத்தில் கையைத் தட்டித் தாளம் போட்டுட்டேன். ரீல்னு சொல்ற வேகமான நடன மெட்டு ஒண்ணு முடிஞ்சு அடுத்ததுக்கு நிக்காம தாவினாங்க, என் தாளம் அம்போ. ஃபிடில் வாசிச்ச அம்மா வில்லை நிறுத்தாமலே பார்த்தாங்க ஒரு பார்வை. கை தானா மடிக்கு வந்துடுச்சு.

——

தாளம் போட்டதுக்கே இப்படியா? நான் பௌரான்ங்கிற ஐரிஷ் மேளமே வாங்கினவன். ஆட்டுத்தோல் போர்த்திய வட்டச் சட்டம். வலது கையில் சின்னக் கட்டை, இடது கை உள்பக்கம் தோலை அழுத்தி சுருதியை ஏத்தி இறக்கும். கஞ்சிரா பழகின திமிரில், இதென்ன பெரிய விஷயம்னு நினைச்சேன். மழை நாளில் தோல் தொளதொளன்னு ஆயிடும். அனல் பட்டா விறைச்சுக்கும், தண்ணி தொட்டுத் தடவணும். அந்த விஷயத்தில் கஞ்சிராவேதான்.

குளிர்காலத்தில் ஹீட்டருக்கு மேலே ஆணியில் மாட்டி வச்சுட்டு, ஹீட்டரை அணைக்காம லீவுக்கு ஊருக்கு வந்துட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தா, விளிம்போரமா ஒரு சாண் கிழிசல்.

எனக்குப் பௌரான் சொல்லிக்கொடுத்தவர்கிட்ட காட்டினேன். மனுஷன் முகத்தில் துளி வருத்தம் இல்லை. "ஒரு மேஜைக்கு ஒரு பௌரான்தான் மரியாதை. எங்க மேஜையில் ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார்" என்றார்.