அந்தக் கை சாயமா, இரத்தமா?

சித்தூர்க்காரி:
போன வாரம் கலைக்கண் எழுதிவிட்டுப் போன ஒரு வரி இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது: "பிள்ளை பெற்றதும் பெண் ஓவியருக்குத் தொட்டிலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது." அப்படியா ஐயா? ஓவியர் மார்லீன் டூமாஸைப் பாருங்கள். 1953ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், 1976லிருந்து நெதர்லாந்தில் இருக்கிறார். 1990ல் நான்கு கைக்குழந்தைகளை ஆள் உயரத்துக்கு வரைந்தார். தூக்கிக் கொஞ்சத் தோன்றாது, உப்பிய வயிறும் முறுக்கிய விரலுமாகப் பயமுறுத்தும். 1994ல் மகளை வைத்து 'த பெயின்டர்' வரைந்தார். இரண்டு மீட்டர் உயரத்தில், உடுப்பில்லாமல் நின்று நம்மை முறைக்கும் சின்னப் பெண். ஒரு கை சிவப்பு, ஒரு கை கருநீலம். இதில் தொட்டில் எங்கே?

கலைக்கண்:
நீங்களே மாட்டிக்கொண்டீர்கள் அம்மா. அந்தச் சிவப்பு இரத்தம். பிரசவ இரத்தம். ஆக, பேறுகாலத்தை விட்டு அவர் வெளியே வரவே இல்லை. நான் சொன்னதும் அதுதான்.

நகரித் தறிக்காரன்:
இரத்தமா? என் அம்மா நகரியில் 22 வருஷம் சாயப்பட்டறையில் நூல் முக்கியவள். சாயம் மணிக்கட்டில் கோடு கிழித்த மாதிரி நின்றுவிடும். ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் இருப்பது போகாது. எனக்குச் சோறு ஊட்டும்போது அவள் கரண்டியில்தான் ஊட்டுவாள், கையால் பிசைய மாட்டாள். படத்தில் இருப்பது சாயம். பெயின்ட். படத்தின் பேரே பெயின்டர் என்பதைப் படித்தீர்களா, இல்லையா?

புத்தூர்ப் பையன்:
சித்தூர்க்காரி அக்கா, சித்தூரில் எந்தப் பக்கம்? நான் காலேஜ் படித்தது அங்கேதான்.

சித்தூர்க்காரி:
தம்பி, நான் பாலக்காடு சித்தூர்.

நகரித் தறிக்காரன்:
அதுவும் ஒரு சித்தூரா? சரி. ஆனால் சாயம்.

கலைக்கண்:
பட்டறை அனுபவம் வேறு, கலை விமர்சனம் வேறு. ஓவியத்தில் சிவப்பு என்றால் சிவப்பு மட்டும் இல்லை. இதை எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

நகரித் தறிக்காரன்:
விளக்க வேண்டாம். காளஹஸ்தியில் கலம்காரி ஓவியம் தீட்டத் துணியைப் பாலிலும் கடுக்காயிலும் ஊறவைத்து, இரும்புத்துருவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துக் கறுப்பு எடுக்கும் பெண்களிடம் போய் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். கையைப் பார்த்தே அன்றைக்கு என்ன வேலை நடந்தது என்று சொல்லிவிடுவார்கள். 1960ல் திருத்தணியை மட்டும் எடுத்துக்கொண்டு எங்களை ஆந்திரா பக்கம் விட்டீர்களே, அதே சென்னைப் புத்தி. கைவேலைக்காரன் பேசினால் காது கேட்காது.

கலைக்கண்:
எல்லைக் கமிஷன் முடிவுக்கு நானா பொறுப்பு? எனக்கு அப்போது இரண்டு வயது.

சித்தூர்க்காரி:
அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்கள். கலைக்கண் ஐயா, தொட்டில் தொட்டில் என்கிறீர்களே, உலகம் அறிந்த அந்தத் தொட்டில் படத்தை பிரெஞ்சு ஓவியர் பெர்த் மோரிசோ 1872ல் வரைந்தபோது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதில் இருப்பது அக்காவும் அக்கா குழந்தையும். தன் மகள் பிறந்தது 1878ல். அமெரிக்க ஓவியர் மேரி கசாட் காலமெல்லாம் தாயும் சேயும் வரைந்தார், அவருக்குப் பிள்ளையே கிடையாது. இப்போது டூமாஸுக்கு வாருங்கள். 'ஓவியர்' என்ற பட்டத்தை அவர் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை, மகளுக்குக் கொடுத்துவிட்டார். தான் மையில் வரைந்த முகங்களின்மேல் மகளை வண்ணம் பூசவிட்ட படங்களும் உண்டு. பிள்ளை வந்ததும் தன் நாற்காலியைப் பாதி கொடுத்திருக்கிறார். தாய்மை அவர் கையில் செய்தது இது.

கலைக்கண்:
பழைய கதை எல்லாம் எதற்கு? இரத்தம் என்பதை மறுக்கிறீர்களா, இல்லையா?

புத்தூர்ப் பையன்:
2025ல் இவருடைய வேறொரு படம் ஏலத்தில் 1 கோடியே 36 லட்சம் டாலருக்குப் போனது. உயிரோடு இருக்கும் எந்தப் பெண் ஓவியருக்கும் அதுவரை கிடைக்காத விலை. நாம் இங்கே கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

நகரித் தறிக்காரன்:
விலை எதற்குத் தம்பி? சாயம் என்று எழுதி முடி.

சித்தூர்க்காரி:
எங்கள் கேரளத்து ஓவியர் டி. கே. பத்மினியை யாருமே எடுக்கவில்லை. பொன்னானிக்குப் பக்கத்தில் பிறந்து, மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் கே. சி. எஸ். பணிக்கரிடம் படித்தவர். 1969ல் பிரசவத்தில் போய்விட்டார். 29 வயது கூட முடியவில்லை. தாயான ஓவியர் என்ன வரைவார் என்று அளந்து சொல்கிறவர்கள், தாயாகப் போய்த் திரும்பாதவரைப் பற்றி என்ன சொல்வீர்கள்?

நகரித் தறிக்காரன்:
பாவம்தான் அம்மணி. மனசு கேட்கவில்லை.

நகரித் தறிக்காரன்:
ஆனாலும் சாயம்.

கலைக்கண்:
பாருங்கள், பிரசவம், இரத்தம். அவரே என் பக்கம் வந்துவிட்டார்.

சித்தூர்க்காரி:
நான் யார் பக்கமும் வரவில்லை. ஒருத்தி செத்ததைச் சொன்னேன். அதையும் உங்கள் கணக்கில் வரவு வைக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?

புத்தூர்ப் பையன்:
ஒரு சந்தேகம். இங்கே யாராவது அந்தப் படத்தை நேரில் பார்த்திருக்கிறீர்களா? அது நியூயார்க் மியூசியத்தில் இல்லையா இருக்கிறது?

நகரித் தறிக்காரன்:
நேரில் எதற்கு? போனில் பெரிதாக்கி மணிக்கட்டைப் பார். இரத்தம் என்றால் முழங்கை வரை வழிந்திருக்கும். இது முக்கி எடுத்த கை. நாளைக்கு அம்மா கையைப் படம் எடுத்துப் போடுகிறேன். பட்டறையை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது, கட்டைவிரல் நகத்தோரம் இன்னும் ஊதா போகவில்லை.

கலைக்கண்:
போடுங்கள். உங்கள் அம்மா கை சாயமாகவே இருக்கட்டும். அந்தப் படத்தில் இருப்பது இரத்தம்.

நகரித் தறிக்காரன்:
'இருக்கட்டும்' என்றால்? சந்தேகமா? யோவ், எந்த ஊர் நீ, முதலில் அதைச் சொல்.